முதல் ஐந்து பேரைத் தெரிவு செய்யும்போது விடும் பிழைகள்

"சேர், இண்டைக்கு முதல் அஞ்சில நான் இரிக்கனா?"

ஆட்டம் தொடங்கும்போது களத்தில் இறங்கும் ஐவர்தான் அந்த முதல் ஐந்து. போட்டி நாளில் சப்பாத்து லேஸைக் கட்டிக்கொண்டே ஒரு பையன் இதைக் கேட்காமல் விடமாட்டான். மட்டக்களப்பில் கூடைப்பந்தின் மேல் இருக்கும் பாசம் அப்படி. யூஜின் ஹேபர்ட் அடிகளார் போன்ற அமெரிக்க இயேசு சபைக் குருமார் புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வளர்த்த ஆட்டம் இது. முதல் ஐந்தில் பெயர் வந்தால் வீட்டுக்குப் போய்ச் சொல்லும் செய்தி, வராவிட்டால் முகம் வாடிவிடும். பெரும்பாலான பிழைகள் இங்கேதான் தொடங்குகின்றன. முதல் ஐந்தைத் திறமைக்குக் கொடுக்கும் பரிசாக நினைக்கிறோம். அது முதல் சில நிமிடங்களுக்கான வேலைப் பங்கீடு மட்டுமே.

சம்பளத்துக்கு ஆடும் அணிகளில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். அமெரிக்காவின் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியின் மனு ஜினோபிலி 2007-08 பருவத்தில் பெரும்பாலான போட்டிகளில் பெஞ்சில் இருந்துதான் உள்ளே வந்தார். அந்தப் பருவத்தில் சராசரியாகப் போட்டிக்கு 19.5 புள்ளி எடுத்து, தன் அணியில் முன்னணியில் நின்றவரும் அவரே. எதிரணியின் நல்ல ஆட்டக்காரர்கள் களைத்து வெளியே போகும் நேரத்தில் இப்படி ஒருவர் உள்ளே வந்தால் என்ன ஆகும்? அதைத்தான் அவருடைய பயிற்றுநர் கணக்குப் போட்டார்.

அடுத்த பிழையை நானே விட்டிருக்கிறேன். புள்ளி எடுப்பதில் கெட்டிக்காரர் ஐந்து பேரையும் ஒன்றாக இறக்கினேன். பந்து ஒன்றுதானே. இடது மூலையில் இரண்டு பேர் ஒரே இடத்தில் நின்று, இரண்டு பேரும் கையை நீட்டிப் பந்து கேட்டார்கள். எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் திரும்பியபோது அதைப் பிடிக்க எங்கள் ஆள் ஒருவனும் அடியில் இல்லை. எதிரணி பிடித்துக்கொண்டு ஓடினால், திரும்பி ஓடி மறிப்பதற்கும் ஆள் இல்லை. இப்போது நான் முதலில் கேட்பது இதுதான்: பந்தைக் கொண்டுவருவது யார், எதிரணியின் சிறந்த ஆட்டக்காரனை மறிப்பது யார், திரும்பும் பந்தைப் பிடிப்பது யார், தூரத்தில் நின்று போடுவது யார்? இதற்கெல்லாம் ஆள் கிடைத்த பிறகுதான் பெயர்களை எழுதுவேன். திறந்த மைதானத்தில் ஆடுகிறவர்கள் காற்றையும் பார்க்கவேண்டும். கச்சான் அடிக்கிற மாதங்களில் தூரத்திலிருந்து போடுகிறவனை மட்டும் நம்பி ஐவரை அமைத்தால் கஷ்டம்.

உயரத்தைப் பார்த்து ஆளைப் போடுவது பழைய பழக்கம். அமெரிக்காவில் சம்பளத்துக்கு ஆடும் அணிகளின் போட்டியான என்.பி.ஏ.யின் 2015 இறுதித் தொடரை விடியக்காலையில் எழும்பி இருந்து பார்த்தவர்களுக்கு நான்காவது போட்டி நினைவிருக்கும். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி, கிளீவ்லாந்து அணியிடம் 1-2 எனப் பின்தங்கி நின்றது. பயிற்றுநர் ஸ்டீவ் கெர், ஏழு அடி உயரமான அன்ட்ரூ போகட்டை முதல் ஐந்திலிருந்து எடுத்துவிட்டு, ஆறரை அடி அன்ட்ரே இகுவோடாலாவை இறக்கினார். அந்தப் பருவத்தின் வழமையான போட்டிகளில் ஒன்றில்கூட இகுவோடாலா முதல் ஐந்தில் ஆடியதில்லை. இந்த யோசனையைச் சொன்னவர் நிக் யுரென் என்ற இளம் உதவியாளர். முந்திய வருட இறுதித் தொடரில் ஸ்பர்ஸ் இப்படி ஒரு மாற்றம் செய்ததை ஒளிப்பதிவில் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார். வயதையும் பதவியையும் பார்க்காமல் அதைக் காது கொடுத்துக் கேட்ட கெர் மேல் எனக்குப் பெரிய மரியாதை. ஆட்டம் தொடங்கியதும் கிளீவ்லாந்து 7-0 என முந்தியது. கெர் பதறவில்லை. 103-82 என்று வென்றார்கள், அதற்கடுத்த இரண்டு போட்டிகளையும் வென்று கிண்ணத்தையும் எடுத்தார்கள். தொடரின் சிறந்த வீரர் விருது இகுவோடாலாவுக்கு.

ஆனால் இதைப் பார்த்துவிட்டு உயரமானவனை எப்போதும் வெளியே இருத்தினால் அதுவும் பிழை. எதிரே நிற்பது யார் என்று பார்த்துச் செய்த மாற்றம் அது. ஒரு தோல்வி வந்தவுடன் ஐவரையும் கலைத்துப்போடுவதும் அப்படித்தான். யார் எங்கே ஓடுவான் என்று ஒருவருக்கொருவர் பழகச் சில போட்டிகளாவது வேண்டும்.

பௌல், அதாவது விதியை மீறி விடும் பிழை, அதன் கணக்கை மறக்கக் கூடாது. சர்வதேச விதியில் ஐந்தாவது பௌலோடு ஒருவர் வெளியே, என்.பி.ஏ.யில் ஆறாவதோடு. அவசரத்தில் கை வைக்கிற ஒருவனை எதிரணியின் பெரிய ஆட்டக்காரனுக்கு எதிரே முதல் நிமிடத்திலேயே விட்டால், கடைசிக் கால்பகுதியில் அவன் இருக்கமாட்டான்.

கடைசியாக, பிள்ளைகளிடம் சொல்லாமல் விடுவது. சர்வதேச விதிப்படி போட்டிக்குப் பத்து நிமிடத்துக்கு முன் புள்ளித்தாளில் முதல் ஐவரைக் குறித்துக் கையொப்பம் போடவேண்டும். பெஞ்சில் இருக்கப்போகிறவன் அதை அந்தத் தாளில் பார்த்து அறியக் கூடாது. நான் அதற்கு முன்பே அவனைப் பக்கத்தில் இருத்தி, "நீ இரண்டாவது கால்பகுதியில் உள்ளே போகிறாய், எட்டாம் இலக்கக்காரனை மறிக்கிறாய்" என்று சொல்லிவிடுவேன். முகம் கொஞ்சம் வாடும். அப்புறம் லேஸைக் கட்டி முடித்துவிட்டு, அந்த எட்டாம் இலக்கக்காரன் எந்தக் கையால் பந்தைத் தட்டுகிறான் என்று பார்க்கத் தொடங்குவான்.