ஆர்.வி.யில் நாட்டைக் கடக்கப் போகிறீர்களா? கார் கணக்குப் போடாதீர்கள்

ஆர்.வி. என்றால் படுக்கை, சமையல், கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் மோட்டார்ஹோம். அதை வாடகைக்கு எடுத்து அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஓட்டுவதைப் பற்றித்தான் பேசுகிறேன். நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குச் சுமார் 2,800 மைல். போனில் மேப்பைத் தட்டினால் நாற்பது மணி நேரச் சொச்சம் காட்டும். ஐந்து நாளில் போய்விடலாம் என்று தோன்றும். அது காருக்கான கணக்கு. முப்பது அடி வண்டியைப் பெட்ரோல் பங்கில் நுழைத்து எடுப்பதற்கே நேரம் பிடிக்கும். ஒரு நாளைக்கு 250, மிஞ்சினால் 300 மைல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டாமல் தங்கும் நாட்களைத் தனியாகச் சேருங்கள்.

போய்த் திரும்பும் பயணம் என்றால், தாமதமானால் பாதியிலேயே வண்டியைத் திருப்பிவிடலாம். ஒருவழிப் பயணத்தில் அதற்கு வழியில்லை. ஒப்படைக்க வேண்டிய இடம் அந்தக் கரையில் இருக்கிறது, தாமதத்துக்கு அபராதமும் உண்டு. அதனால் கடைசி நாளைக் காலியாக விடுங்கள். அந்தக் கிளை ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா என்றும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, காசு. நாள் வாடகையை மட்டும் பார்த்து முடிவெடுப்பதுதான் பலரும் செய்யும் தவறு. ஒருவழிக் கட்டணம், மைல் கட்டணம், ஜெனரேட்டர் ஓடும் மணிக்கு இவ்வளவு, பாத்திரம் படுக்கைக்கு இவ்வளவு என்று மேலே ஏறிக்கொண்டே போகும். வண்டி கேலனுக்கு 8 முதல் 10 மைல்தான் கொடுக்கும் என்பதால், நேர்வழியில் போனாலே சுமார் 300 கேலன் பெட்ரோல் வேண்டும். கிரெடிட் கார்டு தரும் வாடகைக் கார் காப்பீடு பெரும்பாலும் மோட்டார்ஹோமுக்குச் செல்லாது. வாடகை நிறுவனத்தின் காப்பீட்டிலும், பாலத்தில் இடித்துக் கூரை கிழிந்தால் அந்தச் செலவு பல ஒப்பந்தங்களில் உங்கள் தலையில்தான்.

அந்தக் கூரை பன்னிரண்டு அடி உயரத்தில் இருக்கிறது. சாதாரண மேப்புக்கு அது தெரியாது. நியூயார்க்கில் பார்க்வே எனப்படும் கார்களுக்கான சாலைகளிலும் கனெக்டிகட்டின் மெரிட் பார்க்வேயிலும் பாலங்கள் தாழ்வு, இந்த வண்டிகளுக்கு அனுமதியும் இல்லை. பால்டிமோரின் துறைமுகச் சுரங்கச் சாலைகளில் 10 பவுண்டுக்கு மேற்பட்ட ப்ரொபேன் (வண்டியின் அடுப்புக்கான எரிவாயு) சிலிண்டரோடு போகக் கூடாது. அதைச் சுற்றிப் போக உதவிய கீ பாலமும் 2024 மார்ச் 26 அன்று இடிந்துவிட்டது. 695-ஆம் எண் சுற்றுச்சாலையின் மேற்குப் பக்கமாகப் போங்கள். மொன்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவின் மலைச்சாலையில் நடுப்பகுதிக்கு 21 அடிக்கு மேல் நீளமான வண்டியை விடமாட்டார்கள். வண்டியை எடுத்ததும் அதன் உயரத்தையும் நீளத்தையும் ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங்குக்கு அருகே ஒட்டிவிடுங்கள்.

இரவில் வண்டியை நிறுத்தித் தங்கும் கேம்ப்கிரவுண்டை 'அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று விடாதீர்கள். தேசியப் பூங்காக்கள் பலவற்றில் ஆறு மாதம் முன்பே முன்பதிவு தொடங்கி, கோடைக்கால இடங்கள் சீக்கிரமே தீர்ந்துவிடும். அவற்றில் பெரும்பாலானவற்றில் மின் இணைப்பும் கிடையாது.

மின் இணைப்பு இருந்தாலும் அளவு உண்டு. கான்சாஸில் ஒரு மாலை, நல்ல வெயில், ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா ரைஸ் குக்கரைப் போட்டார், மனைவி மைக்ரோவேவில் பால் வைத்தாள். டக்கென்று ஒரு சத்தம், எல்லாம் அணைந்துவிட்டது. 30 ஆம்பியர் இணைப்பு என்றால் 120 வோல்ட்டில் 3,600 வாட், அவ்வளவுதான். சோறு வேகும்வரை ஏசியை நிறுத்திவைத்தோம். மறுநாளிலிருந்து காலையிலேயே சமைத்துவிட்டோம்.

அடுத்தது கழிவுத் தொட்டி. கழிவறைத் தொட்டியின் வால்வைத் திறந்தே வைத்தால் தண்ணீர் மட்டும் வடிந்து, மற்றது அடியில் இறுகிவிடும். முக்கால்வாசி நிரம்பும்வரை மூடியே வையுங்கள். கழிவை இறக்கும் டம்ப் ஸ்டேஷனில் முதலில் அதைக் காலி செய்து, பிறகு குளியல், பாத்திரத் தண்ணீர்த் தொட்டியைத் திறந்தால் அந்தத் தண்ணீரே குழாயைக் கழுவிவிடும். கையுறை கட்டாயம்.

வயோமிங்கில் 80-ஆம் எண் சாலையில் காற்று பலமாக அடிக்கும். உயரமான வண்டிகளுக்குச் சாலையை மூடுவதும் உண்டு. மூடாவிட்டாலும் ஸ்டியரிங் கையை விட்டுப் பிடுங்கினால் வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திக் காத்திருங்கள். கொலராடோவில் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,158 அடி உயரத்தில் இருக்கிறது. அதைத் தாண்டி மேற்கே இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் அது சூடேறி வேலை செய்யாமல் போய்விடும். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். குழந்தைகள் பின்னால் உட்கார்ந்திருக்கும் வண்டி அது.

ஒப்படைக்கும் நாள் காலையில் தொட்டி காலி செய்யவும் ப்ரொபேன் நிரப்பவும் ஊருக்குள் அலையாதீர்கள். முந்தைய இரவு கழிவு இணைப்பு உள்ள கேம்ப்கிரவுண்டில் தங்கி, அங்கேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.