5 கிலோமீட்டர் பந்தயத்தில் முதல் கிலோமீட்டரை அடக்கி ஓடுங்கள்

போன மாதம் மதுரையில் ஓடிய 5 கிலோமீட்டர் பந்தயத்தில், விசில் ஊதியதும் கூட்டத்தோடு நானும் பாய்ந்துவிட்டேன். மூன்றாவது கிலோமீட்டரில் விலாவில் சுருக்கென்று பிடித்துக்கொண்டது. இடுப்பில் கையை ஊன்றி நடக்க வேண்டியதாயிற்று. உடம்பு சூடேறும் முன்பே வேகமெடுத்தால் மூச்சு தாங்காது.

இப்போது எங்கள் கிளப்பில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றித்தான் பழகுகிறோம். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல், கணக்கு வைக்க அவ்வளவு வசதி! முதல் சுற்றில் பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியம் தடுமாறாமல் பேச முடிய வேண்டும். அப்புறம் சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் கூட்டுங்கள். கடைசிச் சுற்றில் இரண்டு வார்த்தைக்கு மேல் வரக் கூடாது.

வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். ஷூ லேஸுக்கு இரட்டை முடிச்சு போடுங்கள்.