கோவையில் ஜங்குக் பிறந்தநாள் கூட்டம்: முதல் தடவை போகிறவர்களுக்கு

பிடிஎஸ் என்கிற ஏழு பேர் கொண்ட தென் கொரியப் பாட்டுக் குழுவில் ஒருவர் ஜங்குக், செப்டம்பர் 1 அவர் பிறந்தநாள். அது வாரநாளில் வந்தால் கூட்டத்தைப் பக்கத்து ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவிடுவார்கள், காலேஜும் வேலையும் இருக்கிறதே. பிடிஎஸ் ரசிகர்கள், அதாவது ஆர்மி, ஒரு கஃபேயைப் பேசி வைத்து, காபி கப்பைச் சுற்றி அவர் படம் போட்ட அட்டையை மாட்டிக் கொடுப்பார்கள். கப் ஸ்லீவ் நிகழ்ச்சி என்பது இதுதான், கொரியாவிலிருந்து வந்த பழக்கம். பொள்ளாச்சியிலோ கோபியிலோ ஹெட்போனை மாட்டிக்கொண்டு தனியாகப் பாட்டுக் கேட்டுக்கொண்டு, "அங்க போனா ஒருத்தரையும் தெரியாதே" என்று தயங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

1. கூட்டம் நிஜமா என்று பாருங்கள்

போஸ்டர் அழகாக இருந்தால் மட்டும் போதாது. நடத்துகிறவர்களின் பழைய கூட்டத்துப் படங்கள் இருக்கிறதா, கஃபே பெயர் போட்டிருக்கிறதா, கட்டணத்தில் காபியும் ஸ்லீவும் சேர்த்தியா என்று கேளுங்கள். கஃபேக்கே போன் போட்டு, "ஞாயித்துக்கிழமை பிடிஎஸ் ப்ரோகிராம் இருக்குங்களா" என்று விசாரித்துவிட்டால் வேலை முடிந்தது. யாராவது ஆதார் நகல் கேட்டால் அந்தப் பக்கமே தலை வைக்காதீர்கள்.

2. வீட்டில் சொல்லுங்கள்

ஸ்பெஷல் கிளாஸ் என்று கதை விட வேண்டாம். ரேஸ் கோர்ஸில் எந்தப் பெரியப்பா வாக்கிங் வருவார் என்று யாருக்குத் தெரியும், நம் பக்கத்தில் சொந்தக்காரர் இல்லாத தெருவே கிடையாது. துணைக்கு அம்மா வருகிறேன் என்றால் கூட்டிக்கொண்டே போங்கள், தனி மேஜையில் உட்கார்ந்து காபி குடிக்கட்டும்.

3. கையில் ஏதாவது கொண்டுபோங்கள்

கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஃப்ரீபி என்று ஒரு சின்னப் பொட்டலம், காசு வாங்காமல் எல்லோருக்கும் கொடுப்பது. உங்களுக்குப் பிடித்த படங்களை 55-க்கு 85 மில்லிமீட்டர் அளவில் வைத்து, அதாவது கிட்டத்தட்ட ஏடிஎம் கார்டு அளவில், ஒரு ஏ4 தாளுக்கு ஒன்பது வரும்படி அடுக்கி, டிஜிட்டல் பிரிண்ட் கடையில் 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டில் அடிக்கச் சொல்லுங்கள். ஜெராக்ஸ் கடைச் சாதாத் தாள் வளைந்துவிடும். ஸ்கேல் வைத்து வெட்டி, ஒரு கார்டு, ஒரு ஸ்டிக்கர், ஒரு கடலை மிட்டாய் என்று ஜிப் கவரில் போட்டால் முடிந்தது. இருபது பொட்டலம் தாராளம். ஒன்றை நீட்டி "உங்க பயாஸ் யாருங்க?" என்று கேளுங்கள், ஏழு பேரில் அவருக்கு ரொம்பப் பிடித்தவர் யார் என்று. அப்புறம் நீங்கள் பேசவே வேண்டாம், அவர்கள் நிறுத்த மாட்டார்கள்.

உடுப்புக்கு ரொம்ப மெனக்கெட வேண்டாம், ஊதாவில் ஏதாவது ஒன்று இருந்தால் சரி. 2016-இல் ரசிகர் சந்திப்பு ஒன்றில் குழுவில் ஒருவரான வி ஊதாவைப் பற்றிப் பேசியதிலிருந்து அது ஆர்மியின் நிறமாகிவிட்டது. திருப்பூர்க்காரர்களுக்குக் காதர்பேட்டை இருக்க என்ன கவலை.

4. பஸ்

பொள்ளாச்சி பஸ் உக்கடம், திருப்பூர், ஈரோடு பஸ் காந்திபுரம், கரூர் பஸ் சிங்காநல்லூர். அங்கிருந்து டவுன் பஸ். திரும்பும் பஸ் நேரத்தையும் போகும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், கேக் வெட்டுவது எப்போதும் தாமதம்தான்.

5. கார்டு மாற்றும் மேஜை

பிடிஎஸ் பாட்டு ஆல்பத்தை வாங்கினால் உள்ளே குழுவில் ஒருவர் படம் போட்ட கார்டு இருக்கும், யார் கார்டு வரும் என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. ஜங்குக் வேண்டும் என்று வாங்கினால் ஜின் வருவார், ஜின் ரசிகருக்கு ஜங்குக் வந்திருப்பார். அதனால்தான் இந்த மேஜையில் இவ்வளவு கூட்டம். அடுத்தவர் பைண்டரை, அதாவது கார்டுகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஃபைலை, தொடும் முன் "பாக்கலாங்களா?" என்று ஒரு வார்த்தை. கார்டை ஓரத்தில் பிடியுங்கள், நடுவில் விரல் பட்டால் பளபளப்பில் ரேகை பதியும், உரிமையாளர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே! மாற்றும் முன் வெளிச்சத்தில் லேசாகச் சாய்த்துப் பாருங்கள், நேராகப் பார்த்தால் தெரியாத கீறலும் மூலையில் விழுந்த பள்ளமும் அப்போதுதான் தெரியும். நீங்கள் அடித்த ஃப்ரீபி கார்டை ஆல்பம் கார்டு என்று சொல்லி மாற்றாதீர்கள். ஒருமுறை பெயர் கெட்டால் அடுத்த கூட்டத்தில் யாரும் பைண்டரைத் திறக்க மாட்டார்கள்.

6. கோஷம்

பாட்டுப் போட்டதும் எல்லோரும் ஏழு பேரின் நிஜப் பெயர்களையும் கத்துவார்கள், வி, ஜின் என்பதெல்லாம் மேடைப் பெயர்தான். வரிசை இது: கிம் நம்ஜூன், கிம் சொக்ஜின், மின் யுங்கி, ஜங் ஹோசொக், பார்க் ஜிமின், கிம் டேஹியங், ஜொன் ஜங்குக், பிடிஎஸ்! பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்துவிடலாம். நடுவில் ஒரு பெயர் விட்டுப்போனாலும் அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. ஆட வராது என்றால் கைதட்டுங்கள், யாரும் இழுத்துவிட மாட்டார்கள்.

7. படம் போடுவது

கேக், ஸ்லீவ், அலங்காரம் எல்லாவற்றையும் எடுத்துத் தள்ளுங்கள். அடுத்தவர் முகம் இருக்கும் படத்தை மட்டும் கேட்காமல் ஸ்டோரியில் போடாதீர்கள். இரண்டாவது படியைத் தாண்டிக் குதித்து வந்தவர்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் நாலு பேராவது இருப்பார்கள்.