காருக்கு வீட்டிலேயே வெல்டிங்: தகட்டின் மறுபக்கத்தை மறந்தால் வரும் தவறுகள்

பழைய மாருதி 800 வைத்திருப்பவர்கள் ஒருநாள் கால்மிதியைத் தூக்கி, அடியில் இருக்கும் கார்ப்பெட்டையும் உரித்துவிட்டு, ஸ்க்ரூ டிரைவரால் தரையைக் குத்திப் பாருங்கள். நல்ல தகடு 'டங்'கென்று சத்தம் போடும். துருப்பிடித்த தகடு சத்தமே போடாது, அப்பளம் மாதிரி உடைந்து உள்ளே போய்விடும். என் 2004 மாடல் வண்டியில் இடப்பக்க முன்சீட்டில் உட்காருபவர் கால் வைக்கும் இடத்தில் அப்படித்தான் போனது. ஓட்டை வழியே தெருவில் உதிர்ந்து கிடந்த வேப்பம்பூ தெரிந்தது. 2015 டிசம்பர் மழையில் சென்னையில் இரண்டு நாள் தண்ணீரில் நின்ற வண்டி. அதனால் பழியை வெள்ளத்தின் மேல் போட்டுவிட்டு வேலையில் இறங்கினேன்.

கேட் வேலைக்காக வாங்கிய இன்வர்ட்டர் வெல்டிங் செட் வீட்டில் இருந்தது. கூடவே கொஞ்சம் தைரியமும். ஒரு ரூபாய் நாணயம் அளவு இருந்த ஓட்டை பத்தே நிமிடத்தில் என் உள்ளங்கை அளவுக்கு வந்துவிட்டது.

கேட்டுக்கு வைக்கும் ராடு காருக்கு ஆகாது

கேட்டுக்குப் போடும் பைப் 2 மி.மீ. தடிமன் இருக்கும். கார் தரையின் தகடு 0.7 அல்லது 0.8 மி.மீ. தான், அதாவது 22 கேஜ் பக்கம் (கேஜ் எண் கூடக் கூடத் தடிமன் குறையும்). துரு தின்றது போக மிச்சம் அதில் பாதிகூட இருக்காது. 10 கேஜ் ராடு ஒழுங்காக எரிய 100 ஆம்பியர் பக்கம் வேண்டும். இந்தத் தகடோ 30, 40 ஆம்பியருக்கு மேல் தாங்காது. ராடை வைத்ததும் ஓட்டை விழுகிறது. அதை அடைக்கப் பக்கத்தில் வைத்தால் அங்கேயும் விழுகிறது. கை பழகாததால்தான் இப்படி ஆகிறது என்று நினைத்து ராடு ராடாகத் தீர்ப்பவர்கள் உண்டு. கையில் குற்றமில்லை, கருவிதான் தவறு. இருபது வருட அனுபவம் உள்ள டிங்கர்கூட இந்தத் தகட்டில் ஆர்க் ராடை வைக்க மாட்டார். பழைய ஆட்கள் கேஸ் வெல்டிங்கில் பித்தளை ராடு வைத்து ஒட்டுவார்கள். அது தனிக்கலை, வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டரோடு செய்து பழகும் விஷயமல்ல.

வீட்டுக்குப் பொருத்தமானது மிக் (MIG) மெஷின்தான், ராடுக்குப் பதில் மெல்லிய வயர் தானாக வந்து உருகும் வகை. 0.6 மி.மீ. வயர் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் 0.8. கார்பன் டை ஆக்சைடு, அல்லது அதோடு ஆர்கான் கலந்த கேஸ் வேண்டும். கேஸ் செலவுக்கு யோசித்து, கேஸ் இல்லாமலே ஓடும் ஃப்ளக்ஸ் வயர் மெஷின் வாங்குபவர்கள் இப்போது அதிகம். வாங்கிக் கொள்ளுங்கள். ஆனால் ஃப்ளக்ஸ் வயருக்கு டார்ச் நெகட்டிவிலும் எர்த் பாசிட்டிவிலும் இருக்க வேண்டும், கேஸ் வைத்து ஓட்டும் சாதா வயருக்கு இது அப்படியே தலைகீழ். மெஷினைத் திறந்தால் உள்ளே மாற்றிப் போட இரண்டு முனை இருக்கும். அதைப் பார்க்காமல் ஓட்டிவிட்டு, ஒரே தெறிப்பாக இருக்கிறது, மெஷின் மட்டம் என்று திருப்பிக் கொடுத்த ஒருவரை எனக்குத் தெரியும்.

இன்னொன்று ஃபேன். மே மாத வெயிலில் ஹெல்மெட்டுக்குள் முகம் வேகும்போது கை தானாக பெடஸ்டல் ஃபேன் பக்கம் போகும். கேஸ் வைத்து வெல்டு செய்யும்போது அந்தக் காற்று கேஸை அடித்துக்கொண்டு போய்விடும், வெல்டு முழுக்க ஊசித்துளையாக வரும். ஆனால் கதவு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு செய்வதும் கூடாது, புகை வெளியேற வேண்டும். அதிகாலையில் போர்ட்டிகோவில் செய்வதுதான் எனக்கு ஒத்துவந்தது.

துருவின் மேல் ஒட்டுப் போடுவது

வீட்டு வேலையில் அதிகம் பார்க்கும் தவறு இது. ஓட்டையைவிடக் கொஞ்சம் பெரிய தகடு வெட்டி, அப்படியே மேலே வைத்து, சுற்றி வெல்டு வைத்து, பட்டி போட்டு, பெயின்ட் அடித்துவிடுவது. ஓரத்தில் இருப்பது இரும்பல்ல, இரும்பு மாதிரி தோன்றும் துரு. வெல்டு அதில் பிடிக்காது. பிடித்த மாதிரி இருந்தாலும் அடுத்த மழைக்காலத்தில் ஒட்டு அப்படியே நிற்கும், அதைச் சுற்றி வட்டமாகப் புது ஓட்டை விழும்.

துருவை வெட்டி எறியுங்கள், வெள்ளையாக மின்னும் தகடு வரும்வரை. உள்ளங்கை அளவு ஓட்டைக்கு சாப்பாட்டுத் தட்டு அளவு வெட்ட வேண்டி வரலாம். பரவாயில்லை. ஒட்டுத் தகடும் 20 அல்லது 22 கேஜில் இருக்கட்டும். கனமான தகடு பலம் தரும் என்று 16 கேஜ் போட்டால், அது சூடேறுவதற்குள் பக்கத்துத் தகடு கரைந்துவிடும். ஜி.ஐ. ஷீட் வேண்டாம். அதன் மேல் இருக்கும் துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து வெண்புகையாக வரும், இரும்பு உருக 1,500 டிகிரி பக்கம் போக வேண்டும். அந்தப் புகையை இழுத்தால் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று பட்டறையில் சொல்வார்கள். பால் வயிற்றுக்குப் போகிறது, புகை போனது நுரையீரலுக்கு.

வெல்டை ஒரே இழுப்பாக இழுக்காதீர்கள். முதலில் நாலு மூலையிலும் ஒரு புள்ளி, அப்புறம் எதிரெதிர்ப் பக்கமாக அரை அங்குலம் அரை அங்குலமாக. இடையில் தகட்டைத் தொடும் அளவுக்கு ஆறவிடுங்கள். பொறுமை இல்லாமல் நான் ஒரு பக்கம் முழுக்க இழுத்தேன், தகடு இட்லித் தட்டு மாதிரி குழிந்துவிட்டது.

மறுபக்கம் என்ன இருக்கிறது?

மேலே சொன்ன தவறெல்லாம் காசோடு போகும். இனி சொல்வது உயிரோடு விளையாடுவது.

தரைத் தகட்டுக்கு மேலே தார் அட்டை, ஃபெல்ட், கார்ப்பெட். அடியில் அண்டர்கோட்டிங் என்ற துருத்தடுப்புப் பூச்சு. பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் தரைக்குக் கீழேதான் பின்னோக்கிப் போகின்றன. ஓரத்தில் ஒயரிங். நீங்கள் கீழே வெல்டு வைக்கும்போது மேலே தார் உருகிப் புகையும், உங்களுக்குத் தெரியாது. நான் ஒரு பக்கம் முடித்துவிட்டுச் சாப்பிடப் போனேன். ரசம் ஊற்றும்போது கருகிய வாடை வந்தது. ஓடிவந்து பார்த்தால் ஃபெல்ட் ஓரம் சாம்பிராணி மாதிரி கனிந்துகொண்டிருந்தது. தீ இல்லை, கனல்தான். அரை மணி கழித்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் யோசிப்பேன். சீட்டையும் கார்ப்பெட்டையும் முழுதாகக் கழற்றுங்கள், தார் அட்டையைச் சுரண்டுங்கள், குழாய் பக்கத்தில் இருந்தால் நகர்த்துங்கள், நகர்த்த முடியாவிட்டால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். ஒரு வாளித் தண்ணீர், ஒரு பவுடர் தீயணைப்பான், மறுபக்கத்தைப் பார்க்க ஒரு ஆள். வேலை முடிந்தபின் குறைந்தது அரை மணி நேரம் வண்டியை விட்டுப் போகாதீர்கள்.

பெட்ரோல் டேங்கில் கை வைக்கவே வேண்டாம். டேங்க் காலியாகத்தானே இருக்கிறது என்பார்கள். வெடிப்பது பெட்ரோல் அல்ல, அதன் ஆவி. காற்றில் வெறும் 1.4 சதவீதம் கலந்தாலே பற்றும். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் மோசம், சோப்புப் போட்டு அலசினாலும் மடிப்புகளில் பெட்ரோல் தங்கியிருக்கும், சூடானதும் வெளியே வரும். கேஸ் கிட் போட்ட வண்டியில் சிலிண்டர் பக்கம் வெல்டு என்ற பேச்சே கூடாது.

வெல்டு வைக்கும் முன் தகட்டைத் துடைக்க கார்பரேட்டர் கிளீனர், பிரேக் கிளீனர் என்று கையில் கிடைத்த ஸ்ப்ரேயை அடிக்காதீர்கள். குளோரின் சேர்ந்த கிளீனர் ஆர்க் வெளிச்சத்திலும் சூட்டிலும் பிரிந்து பாஸ்ஜீன் ஆகும், முதல் உலகப்போரில் ஆட்களைக் கொன்ற அதே வாயு. குளோரின் இல்லாததோ தீப்பிடிக்கும். கிரைண்டரும் கம்பி பிரஷும் போதும்.

வண்டிக்கு அடியில் போவதென்றால் வெறும் ஜாக்கியை நம்பிப் போகாதீர்கள். பக்கத்தில் ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுப்பது இன்னும் மோசம், அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். ஜாக் ஸ்டாண்டு நாலு வாங்குங்கள். நைலான், பாலியெஸ்டர் துணி வேண்டாம், லுங்கி வேண்டவே வேண்டாம், பருத்தி முழுக்கைச் சட்டை போதும். வியர்வையில் நனைந்த கையுறையோடு, வெறுங்காலில், ஈரத்தரையில் ராடு மாற்றாதீர்கள். கிரைண்டரின் பாதுகாப்பு மூடியைக் கழற்றிவிட்டுப் பெரிய வீல் மாட்டும் பழக்கம் நம் ஊரில் ரொம்ப உண்டு. அதைப் பார்த்துப் படிக்காதீர்கள். தீப்பொறி படும் பக்கம் கண்ணாடி இருந்தால் ஈரச்சாக்கு போட்டு மூடுங்கள், கண்ணாடியில் பொறி பட்ட புள்ளி பிறகு தேய்த்தாலும் போகாது.

கூலிங் கிளாஸ் வெல்டிங் கண்ணாடி ஆகாது. 10 அல்லது 11 எண் ஷேடு வேண்டும். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். கண்ணில் வெளிச்சம் பட்டது அப்போது தெரியாது. இரவு தூக்கத்தில் மணலைப் போட்ட மாதிரி எழுப்பும். உருளைக்கிழங்கு வைப்பது, தாய்ப்பால் விடுவது எல்லாம் வேண்டாம், கண் டாக்டரிடம் போங்கள்.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றாமல் வெல்டு வைத்தால் ஆல்டர்னேட்டர் டயோடும், இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான இசியூவும் போக வாய்ப்புண்டு. ஏர்பேக் உள்ள வண்டி என்றால் இன்னும் கவனம். எர்த் கிளாம்பை வெல்டு வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, சுரண்டிய தகட்டில் மாட்டுங்கள். வீல் போல்ட்டில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியே போகும், ரெண்டு மாதத்தில் பேரிங் கூவ ஆரம்பிக்கும்.

இதைத் தொடாதீர்கள்

சீட் போல்ட் பிடிக்கும் இடம், சீட் பெல்ட் இறங்கும் இடம், சஸ்பென்ஷன் மவுண்ட், ஸ்டீயரிங், ஆக்சில், அடியில் நீளமாக ஓடும் சேசிஸ் உறுப்புகள். துரு அதுவரை போயிருந்தால் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். புதிய வண்டிகளின் கதவுத் தூண் தகடு தனி வகை. சூடுபட்டால் அதன் பலமே போய்விடும், வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது. இன்னொரு சபலம், கையில் வெல்டிங் செட் இருக்கிறதே என்று முன்னால் பைப் வளைத்து புல்பார் வைப்பது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுக்கு அது விரோதம் என்று மத்திய அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

வெல்டு முடிந்தால் பாதி வேலைதான்

மேல்பக்கம் பளபளவென்று பெயின்ட் அடித்துவிட்டு அடிப்பக்கத்தை அப்படியே விடுவார்கள். வெல்டின் சூடு அடிப்பக்க பெயின்டை எரித்திருக்கும், துரு அங்கிருந்துதான் திரும்ப வரும். இரண்டு பக்கமும் ஜிங்க் பிரைமர், இணைப்பில் சீலண்ட், அதன் மேல் பெயின்ட், கடைசியாக அண்டர்கோட்டிங். தரையில் கம்பெனியே விட்ட வடிகால் துளை இருந்தால் அதை மறந்தும் அடைக்காதீர்கள்.

நான் இத்தனையும் செய்துவிட்டு, ஒரு வாரம் கழித்துப் புது கார்ப்பெட்டைத் தொட்டால் ஈரம். மழையே இல்லை. அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது: வெள்ளம் இரண்டு பக்கமும்தானே ஏறியது, டிரைவர் பக்கத் தரை மட்டும் எப்படி நன்றாக இருக்கிறது? ஏசியைப் போட்டு அடியில் குனிந்து பார்த்தேன். ஏசி ஓடும்போது சொட்ட வேண்டிய தண்ணீர் வெளியே சொட்டவில்லை, உள்ளே கார்ப்பெட்டுக்கு அடியில் இறங்கிக்கொண்டிருந்தது. ஏசி வடிகால் குழாயில் ஒரு செப்புக் கம்பியை விட்டுக் குடைந்தேன். கறுப்பாக ஒரு கட்டி மண்ணும், கூடவே அரை டம்ளர் தண்ணீரும் என் முழங்கையில் வழிந்தது.