மைகாட் பெட்டிக்கு வெப் காம்பொனென்ட் எதற்கு?

பினாங்கிலோ கோலாலம்பூரிலோ இணையப் படிவம் செய்பவர் எவரும் மைகாட் (மலேசிய அடையாள அட்டை) எண் கேட்கும் பெட்டியிலிருந்து தப்ப முடியாது. 12 இலக்கம்: முதல் 6 பிறந்த தேதி, அடுத்த 2 பிறந்த இடம், மிச்சம் 4. ஒருமுறை எழுதிவிட்டு எல்லாப் பக்கங்களிலும் போட்டுக்கொள்ளத் தோதான காம்பொனென்ட்தான். எந்த வகையில் எழுதுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

பெரிய சறுக்கல் பேராசையால் வருவது. கையில் இருப்பது ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் எழுதிய ஒரே ஒரு செயலி. ஆனாலும் "நாளைக்கு வியூ என்ற இன்னொரு நூலகத்திலும் உதவுமே" என்று எடுத்த எடுப்பில் வெப் காம்பொனென்ட்டாக (எந்த நூலகமும் இல்லாமல் பிரவுசரே புரிந்துகொள்ளும் துண்டாக) எழுதி, ஷேடோ டாமுக்குள் (பக்கத்தின் மற்றப் பகுதியிலிருந்து பிரிந்த தனி அறைக்குள்) இன்புட்டை வைத்துவிடுகிறார்கள். அந்த இன்புட் வெளியே இருக்கும் ஃபார்முக்குச் சொந்தமில்லை. பயனர் 12 இலக்கத்தையும் தட்டி அனுப்புவார். பெயர் போகும், முகவரி போகும், மைகாட் எண் மட்டும் சர்வருக்குப் போகாது. பிரவுசர் வாயே திறக்காது. இதைச் சரிசெய்ய, காம்பொனென்ட்டின் மதிப்பை ஃபார்மோடு இணைக்கும் எலிமென்ட் இன்டர்னல்ஸ் என்ற பிரவுசர் வசதி இருக்கிறது. ஆனால் சஃபாரியில் அது 2023இல், 16.4 பதிப்பில்தான் வந்தது. பழைய ஐபோன் வைத்திருப்பவர்களையும் யோசிக்க வேண்டும். வெளியே எழுதிய லேபிளும் உள்ளே இருக்கும் இன்புட்டோடு இணையாது. எழுத்துருவும் நிறமும் மரபுரிமையாக உள்ளே இறங்கும். உங்கள் சிஎஸ்எஸ் கிளாஸ்கள் வாசலிலேயே நின்றுவிடும்.

ரியாக்ட், வியூ, பழைய பிஎச்பி பக்கம் என்று மூன்றும் கலந்து கிடக்கும் நிறுவனத்தில் இந்தப் பாடு தகும். 2024 டிசம்பரில் வந்த ரியாக்ட் 19 வெப் காம்பொனென்ட்டுகளுக்கு முழு ஆதரவு தருவதால், "ரியாக்ட்டோடு ஒத்துப்போகாது" என்ற பழைய புகாரும் இப்போது எடுபடாது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: பிரவுசர் சும்மா தருவதையே திரும்பச் செய்வது. மாநிலம் கேட்கும் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மலேசியாவில் 13 மாநிலங்கள், 3 கூட்டரசுப் பிரதேசங்கள். ஆக 16 வரி. பிரவுசரே தரும் சாதாரண செலக்ட் பட்டியல் போதும். விசைப்பலகை, திரைவாசிப்பான், கைப்பேசித் தேர்வுப் பட்டியல் எல்லாம் அதோடு வந்துவிடுகின்றன. அழகுக்காக டிவ் என்ற வெற்றுப் பெட்டிகளை அடுக்கிச் செய்தால் இவை ஒவ்வொன்றையும் நீங்களே எழுத வேண்டும். யாரும் முழுதாக எழுதி நான் பார்த்ததில்லை.

அடுத்தது, ஒரே காம்பொனென்ட்டில் எல்லாவற்றையும் திணிப்பது. வெளிநாட்டவரும் பதிவு செய்யலாம் என்றதும் மைகாட் பெட்டிக்குள் "கடப்பிதழா?" என்று ஒரு ப்ராப் (வெளியிலிருந்து காம்பொனென்ட்டுக்குத் தரும் மதிப்பு) முளைக்கும். கடப்பிதழ் எண்ணில் எழுத்துகளும் வரும், நீளமும் நாட்டுக்கு நாடு மாறும். ஆகவே சரிபார்ப்பு முழுவதும் இரண்டாகப் பிளக்கும். பிறகு "குழந்தையா?", "படிக்க மட்டுமா?" என்று வால் நீளும். இரண்டு சிறு காம்பொனென்ட்டுகளாக எழுதி, எதைக் காட்டுவது என்று படிவமே முடிவு செய்யட்டும்.

எந்த வகையில் எழுதினாலும் மதிப்பை எண்ணாக மாற்றாதீர்கள். 2005இல் பிறந்தவரின் மைகாட் எண் 05இல் தொடங்கும். முன்னால் இருக்கும் பூச்சியம் உதிர்ந்தால் 11 இலக்கம்தான் மிஞ்சும். டெக்ஸ்ட் இன்புட்டே வைத்து, இன்புட்மோடை நியூமெரிக் ஆக்கினால் கைப்பேசியில் எண் பலகை தானே திறக்கும்.