மாரநாதா: ஓர் அரமேயச் சொல்லைப் பிரித்துப் படிக்கும் முறை

விவிலியத்தில் 1 கொரிந்தியர் 16:22-இல் வரும் ‘மாரநாதா’ கிரேக்க எழுத்தில் எழுதப்பட்ட அரமேயம் (இயேசு காலத்துப் பாலஸ்தீனத்தில் பேசப்பட்ட மொழி). கிரேக்க வேரைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. முதலில் உறுப்புகளைப் பிரியுங்கள்: ‘மார்’ என்றால் ஆண்டவர், ‘அன்’ அல்லது ‘அனா’ என்பது ‘எங்கள்’ என்னும் விகுதி, மிச்சம் வருதலைக் குறிக்கும் வினை.

சிக்கல் வெட்டும் இடத்தில்தான். பழைய கையெழுத்துப் பிரதிகளில் சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது. ‘மாரன் அதா’ என்று வெட்டினால் ‘எங்கள் ஆண்டவர் வந்துவிட்டார்’. ‘மாரனா தா’ என்றால் ‘எங்கள் ஆண்டவரே, வாரும்’. (இந்தத் ‘தா’வைத் தமிழ்த் ‘தா’ என்று எண்ணிவிடாதீர்கள்.) இலக்கணம் இரண்டுக்கும் இடம் தருவதால் வழக்கைப் பாருங்கள். வெளிப்படுத்தல் 22:20 இதே வேண்டுதலைக் கிரேக்கத்தில் சொல்கிறது. திதாக்கே என்னும் தொடக்கக் காலக் கிறிஸ்தவ வழிகாட்டி நூலின் 10:6-இல் இச்சொல் நன்றி மன்றாட்டின் முடிவில், ஆமெனுக்கு முன் நிற்கிறது. ஆகவே இரண்டாம் பிரிப்பே வலுவானது.

1 கொரிந்தியர் வசனத்தில் முன்னால் நிற்கும் ‘அனாதெமா’வோடு (‘சபிக்கப்பட்டவர்’) ஒட்டி இரட்டைச் சாபமாகப் படிப்பது பழைய பிழை. அது தனிக் கிரேக்கச் சொல். நடுவில் முற்றுப்புள்ளி வையுங்கள்.

வேர்களைச் சரிபார்க்கத் பழைய ஏற்பாட்டுத் தானியேல் நூலின் அரமேயப் பகுதி (2:4 முதல் 7:28 வரை) போதும்: 2:47-இல் ‘மாரே’, 7:22-இல் ‘அதா’.