கவிதையைத் திருத்தும் பட்டறை

திருகோணமலையில் கவிதைப் பட்டறை வைப்பவர்கள் 6 பேரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு கவிதைக்கு 20 நிமிடமாவது வேண்டும். எழுதியவர் அல்ல, இன்னொருவர் சத்தமாக வாசிக்கட்டும். அவர் நாக்கு இடறும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு சொல் மிகையாக இருக்கும். அதுவரை எழுதியவர் வாய் திறக்கவே கூடாது: அவர் விளக்கிவிட்டால், கவிதையில் இல்லாததும் இருப்பதாகத் தோன்றிவிடும்.

பிறகு அடைமொழிகளை வெட்டுங்கள். ‘அழகிய நீலக்கடல் அமைதியாய் உறங்குகிறது’ எந்த ஊருக்கும் பொருந்தும். ‘கன்னியாவில் ஏழு கிணறு, ஏழு சூடு’ என்றால், திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகளோடு ஊர் வந்துவிடுகிறது.

கடைசி வரியைக் கையால் மறைத்து வாசியுங்கள். கவிதை குறையவில்லையா, அந்த வரி வெறும் விளக்கம், எடுத்துவிடுங்கள். பழைய படியைக் கிழிக்காமல் திகதியிட்டு வையுங்கள். வெட்டிய வரி சிலவேளை திரும்பத் தேவைப்படும்.